பீடியை விட்ட பிறகு

மண்ணூர்
7.7.1991

அன்புள்ள ராஜாமணிக்கு,

நலம். நீயும் குழந்தை மதியும் மச்சான் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீ கிளம்பிப் போய் மூன்று வாரம் ஆகிறது. நேரில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் வீசிய சொம்பு சுவரில் பட்ட இடத்துக்கும் மதி தலைக்கும் ஒரு சாண்கூட இல்லை. தினமும் அந்த இடத்தைப் பார்க்கிறேன்.

பீடியை விட்டுப் பதினோரு வாரம். பதினைந்து நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். குடித்த காலத்தில் இல்லாத இருமல் இப்போதுதான் வருகிறது. வாயெல்லாம் புண். கை நடுங்குகிறது. போன வாரம் கம்பெனியில் பிரஸ் மிஷினில் தலை சுற்றியது. விரலாவது மிஞ்சட்டும் என்று சூப்பர்வைசர் என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். நெஞ்சு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது, இருமல் வந்தால் பயப்படாதே என்கிறார் டாக்டர். கோபத்துக்கு மட்டும் அவரிடம் மருந்து இல்லை.

தப்பு என்னுடையதுதான். பதில் போடு.

சுப்பராயன்


சேரப்பணஞ்சேரி
15.7.1991

மதி அப்பாவுக்கு ராஜாமணி எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நடேசன் அண்ணனும் படித்தார். மதி இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். மூச்சு இளைப்பு குறைந்திருக்கிறது. யாராவது பாத்திரத்தைக் கீழே போட்டால் மட்டும் ஓடிவந்து என் பின்னால் ஒட்டிக்கொள்கிறாள்.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஒன்பது வருஷம் பீடி குடித்துக்கொண்டேதான் என்னோடு வாழ்ந்தீர்கள். ஒரு நாள் கை ஓங்கியதில்லை. விட்ட பிறகு, யாரோ தெரியாத ஆளுக்குச் சோறு போடுவதுபோல இருந்தது எனக்கு. அந்தப் பழைய மனுஷனைக் கொடுத்துவிடுங்கள். தெருக்கோடியில் நின்று நாலு பீடி குடித்துவிட்டு வாருங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். சரி என்று ஒரு வரி எழுதினால் போதும், மறுநாளே வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ராஜாமணி


மண்ணூர்
22.7.1991

அன்புள்ள ராஜாமணிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே ஷிப்ட் முடிந்ததும் ஒரு கட்டு வாங்கினேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்தேன். இரண்டே இழுப்பு. கை நடுக்கம் நின்றுவிட்டது. உடம்புக்குள் இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தது எல்லாம் அடங்கிப்போனது. எனக்கு அழுகை வந்தது. அந்த ஒன்றை முழுசாகக் குடித்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். மீதியைத் தண்ணீரில் எறிந்துவிட்டேன்.

ஏன் விட்டேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. சித்திரையில் மதிக்கு இளைப்பு அதிகமாகி நான் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினேனே, அன்று டாக்டர் அவளையே பார்த்து, "வூட்ல யாராச்சும் பீடி குடிக்கிறாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "யாரும் இல்ல" என்றாள். பேசக்கூட மூச்சு இல்லை அவளுக்கு. என் சட்டைப் பையில் கட்டு இருந்தது. ஏழு வயசுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்கிறது, நான் பேசாமல் நின்றேன்.

அதனால் அந்தப் பழைய மனுஷனைக் கேட்காதே. அவன் வர மாட்டான்.

சுப்பராயன்


சேரப்பணஞ்சேரி
30.7.1991

மதி அப்பாவுக்கு,

மதியிடம் கேட்டேன். "அப்பாவ டாக்டர் திட்டுவாருல்ல" என்றாள்.

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. இனிமேல் குடியுங்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. இருமலும் புண்ணும் பீடியை விட்டதால் வந்திருக்கலாம். சொம்பை வீசியது உங்கள் கை. அதையும் கொண்டுபோய் பீடிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோபம் வருகிறது என்று தெரிந்தால் எழுந்து வெளியே போயிருக்கலாம்.

ஆடி கழிந்ததும் வருகிறோம்.

ராஜாமணி


மண்ணூர்
8.8.1991

அன்புள்ள ராஜாமணிக்கு,

ஆவணி பிறந்தாலும் வராதே.

பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்பவர் பாபு. நல்ல மனுஷன். நேற்று, "இன்னாப்பா, வூட்டுக்காரம்மா எப்ப வருது?" என்று சும்மாதான் கேட்டார். அவர் காலரைப் பிடித்துவிட்டேன். மற்றொரு கை மேலே போய்விட்டது. நான் அதை அடக்கினேனா, அதுவாக நின்றதா, எனக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்றார். ஆனால் இன்று தள்ளித்தான் நின்றார்.

நீ எழுதியது உண்மை. அது என் கைதான். பாபு இடத்தில் மதி இருந்திருந்தால் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. இருமல் குறைந்துகொண்டு வருகிறது. கோபமும் குறையும் என்கிறார் டாக்டர், நாள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே வரட்டுமா? பிள்ளையைப் பார்த்துவிட்டு, உடம்பு முறுக்க ஆரம்பித்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். இந்தக் கை என் சொல்லைக் கேட்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு உங்களைக் கூப்பிடுகிறேன். அதற்கு முன்னால் நீயே கிளம்பினாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சுப்பராயன்


சேரப்பணஞ்சேரி
13.8.1991

அன்புள்ள மதி அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மதியிடம் சொன்னேன். என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அப்புறம் எந்த பஸ் என்று கேட்டாள்.

அண்ணன் வீட்டிலேயே இருப்பார். உங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தேவைப்படுகிறது.

சாப்பாட்டுக்கு நடுவில் நீங்கள் எழுந்து வெளியே போனாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். நீங்கள் திரும்பி வரும்வரை உங்கள் இலையை எடுக்க மாட்டேன்.

ராஜாமணி