அறுபத்தேழு இணைப்புகள்

மார்ச் 5, செவ்வாய்

சுவாவில் காலையிலிருந்து மழை. அலுவலகத்துக்குள் நுழைந்தால் பிலிமோனி பாஸ் மகெலேசியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இந்தக் கப்பல் கம்பெனியின் டிக்கெட் சர்வரை ஏழு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். என் நாற்காலிப் பக்கம் அவர் வந்ததெல்லாம் சர்வர் படுத்த நாட்களில்தான்.

மகெலேசி பிரிஸ்பேனில் படித்துவிட்டு டிசம்பர் கடைசியில் வந்து சேர்ந்தவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் டிக்கெட் மென்பொருளின் புதிய பதிப்பை சர்வரில் ஏற்றும் பொறுப்பு அவளுக்கு. எனக்கு ரிப்போர்ட் போடும் வேலை!

கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவள் தீவும் என் தீவும் தௌவு. முப்பாட்டன் காலத்து உறவு. ஒருவரை ஒருவர் என்ன கேலி செய்தாலும், தட்டில் இருப்பதை எடுத்துத் தின்றாலும் முகம் சுளிக்கக் கூடாது. "வசிதி அக்கா, இந்த சர்வரும் நீங்களும் ஒரே வயசா?" என்றாள் எல்லோர் முன்னாலும். நானும் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

சாயங்காலம் கிளம்புமுன் ஒரு சின்ன நிரல் எழுதினேன். டேட்டாபேஸுக்குள் அவள் என்ன செய்கிறாள் என்று மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து என் திரையில் காட்டும். மேற்பார்வைதானே? அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 7, வியாழன்

பத்து மணிக் கப்பல் கிளம்பியபின் ஒரு மணி நேரம் கவுன்டரில் ஆள் இருக்காது. புதிய பதிப்பை ஏற்றுவது அப்போதுதான். மகெலேசி ஏற்றினாள். சிவப்பு எழுத்தில் ஒரே வரி: டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை.

பாஸ்வேர்டைப் பார்த்தாள். முகவரியைப் பார்த்தாள். கடைசியில் பழைய பதிப்பையே ஓடவிட்டாள்.

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. எழுதியாகிவிட்டது, அடித்து அழிக்கப் போவதில்லை.

மார்ச் 8, வெள்ளி

என் டப்பாவைத் திறந்து மரவள்ளிக்கிழங்கையும் மீனையும் எடுத்துத் தின்றுவிட்டாள். "உப்பு பத்தலக்கா" என்று குறை வேறு.

மார்ச் 12, செவ்வாய்

வெள்ளி மதியத்திலிருந்து என் திரையில் அவள் பெயரில் ஒரு வரிகூட வரவில்லை. இவள் வேலையே செய்வதில்லையா? இதற்குத்தான் பிரிஸ்பேனா?

மார்ச் 14, வியாழன்

இரண்டாம் தடவையும் அதே சிவப்பு வரி.

நேராக என்னிடம் வந்தாள். கேலி இல்லை. "அக்கா, பெரிய சாவி, அந்த அட்மின் பாஸ்வேர்டு, உங்ககிட்டதான இருக்கு. உள்ள போய் ஒரு தடவை பாருங்களேன்."

"ஈஸ்டர் கூட்டத்துக்கு ரிப்போர்ட் கேட்டிருக்காரு. நேரமில்லம்மா."

இருந்தது. ஒரு மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

பாஸ் தேநீர் வேளையில் என்னிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு இது சரிப்படாது போல. ஈஸ்டருக்கு முன்னாடி ஏறியாகணும். இருபத்தஞ்சாம் தேதி இவ வேலைல இருக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்." நான் வருத்தப்படுகிற மாதிரி தலையாட்டினேன்.

மார்ச் 21, வியாழன்

மூன்றாம் தடவையும் ஏறவில்லை. ஆனால் இந்த முறை அந்தச் சிவப்பு வரிக்கு அடியில் டேட்டாபேஸ் உண்மையில் என்ன சொல்கிறது என்று தோண்டி எடுத்துவிட்டாள். "பாஸ்வேர்டும் சரி, முகவரியும் சரி. உள்ள இடமில்லன்னு சொல்லுது பாஸ். யாரோ இடத்தைப் பிடிச்சு வச்சிருக்காங்க."

"வசிதி, நீ பாரு" என்றார் பாஸ். தட்ட முடியவில்லை.

டேட்டாபேஸுக்குள் ஒரே நேரத்தில் மொத்தம் நூறு இணைப்புகள்தான். மூன்று என் பெரிய சாவிக்கென்று ஒதுக்கியவை. பழைய பதிப்பிடம் முப்பது. மீதி அறுபத்தேழும் ஒரே கணினியிலிருந்து.

என் கணினி.

மணிக்கு ஒரு தடவை உள்ளே போகச் சொன்னேனே, வேலை முடிந்ததும் வெளியே வரச் சொல்லி ஒரு வரி எழுதினேனா? எழுதவில்லை. ஏழு வருட அனுபவம்! ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு இணைப்பு, போனது போனபடியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. புதிய பதிப்பு ஏறவே முப்பது இடம் வேண்டும், முதல் வியாழனே அத்தனை மிச்சமில்லை. வெள்ளி மதியம் மொத்த இடமும் தீர்ந்து என் நிரலே உள்ளே போக முடியாமல் நின்றிருக்கிறது. நான் அவளைச் சோம்பேறி என்றேன்.

அவர்கள் வந்து பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் மூடி, நிரலையும் நிறுத்தினேன். "இப்ப ஏத்திப் பாரு." ஏறியது.

"பாத்தியா, பழைய கை பழைய கைதான்" என்று பாஸ் என் தோளைத் தட்டினார். மகெலேசி கைதட்டினாள். கேக் வெட்டினார்கள். தின்றேன்.

மார்ச் 23, சனி

ஏழு வருடமாக ஏங்கிய பாராட்டு. கொண்டாட முடியவில்லையே, ஏன்?

மார்ச் 25, திங்கள்

அவள் விஷயத்தைப் பேச பாஸ் காலையிலேயே என்னை அறைக்குக் கூப்பிட்டார். "மூணு தடவை திணறிட்டா. நீ என்ன நினைக்கிற?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். அவள் நாற்காலி காலியாகும், பொறுப்பு திரும்ப வரும். வாயைத் திறந்தேன்.

"இடத்தைப் பிடிச்சு வச்சிருந்த அறுபத்தேழு இணைப்பும் என்னோடது, பாஸ். அவ என்ன பண்றான்னு வேவு பார்த்தேன். பொறாமை."

பாஸ் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "இதை அவகிட்டயும் சொல்லிடு."

சொன்னேன். தௌவு ஆயிற்றே, சிரித்துவிடுவாள் என்று எங்கேயோ ஒரு நம்பிக்கை. சிரிக்கவில்லை. "தௌவுன்னா மூஞ்சிக்கு நேரா கேலி பண்ணலாம்க்கா. ஒளிஞ்சு நின்னு பார்க்கலாம்னு யாரும் சொல்லல. ரெண்டு வாரமா நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நினைச்சு வீட்டுக்குப் போய் அழுதேன்." போய்விட்டாள்.

மார்ச் 26, செவ்வாய்

அவள் வேலை நிரந்தரம். என் டப்பாவை அவள் தொடவில்லை.

மார்ச் 27, புதன்

இன்றும் தொடவில்லை. "குட் மார்னிங், மேடம்" என்றாள். மேடமாம். முகத்தில் அறைந்திருக்கலாம்.

மார்ச் 28, வியாழன்

நாளை புனித வெள்ளி. ஊருக்குப் போகும் கூட்டம் கவுன்டரில் முண்டியது. புதிய பதிப்பு கொஞ்சமும் திணறவில்லை. பாஸ் பத்துப் பேர் முன்னால் அவளைப் புகழ்ந்தார். எனக்கு எரியத்தான் செய்தது, பொய் சொல்வானேன்? பெரிய சாவி இனி அவளிடமும் இருக்கும் என்றார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் கை கழுவிவிட்டு வந்தால் டப்பா காலி. ஒரு துண்டு கிழங்குகூட மிச்சமில்லை. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவள் கவுன்டரில் இருந்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"ஏ அறுபத்தேழு! இன்னைக்கும் உப்பு பத்தல!"

பட்டினியாகவே வீடு வந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன் போல, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்ன விசேஷம் என்று கேட்டார். நாளைக்கு உப்பு கூடப் போட வேண்டும். இல்லை, நாளை விடுமுறை, ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமைதான்.