சம்புக்கும் பைனுக்கும் ஒரே தண்ணீர்

மார்ச் 4, திங்கள்

கண்ணாடிக் கூடத்தில் இன்று சோதனை தொடங்கியது. இடது பக்கம் இருபது தொட்டிகளில் சம்பு என்கிற நீர்க்கோரை, வலது பக்கம் இருபது தொட்டிகளில் பைன் கன்றுகள். கழிவுநீரைச் சுத்தப்படுத்த ஊருக்கு வெளியே புதிதாக ஓர் ஏரி வெட்டுகிறார்கள். தண்ணீருக்குள் சம்பு, கரையில் பைன். எதற்கு என்ன தேவை என்பதை மழைக்கு முன் எங்கள் ஆராய்ச்சி நிலையம் சொல்ல வேண்டுமாம்.

சோதனையை நடத்தும் மேடம் முறையை எழுதிக் கதவில் ஒட்டினார். சம்புக்கு அடியில் சேறு, மேலே எப்போதும் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர், எருவும் தாராளமாக. பைனுக்கு மணல் கலந்த மண், ஐந்து நாளுக்கு ஒருமுறை முக்கால் லிட்டர், அதுவும் அளந்து. எரு பேருக்கு.

“தண்ணி உங்க பொறுப்பு. வேற யாரும் தொடக் கூடாது.”

பதினெட்டு வருஷ வேலையில் ஒரு சோதனை முழுசாக என் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்ல? தம்பிக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 6, புதன்

தம்பி கூப்பிட்டான். “சாப்டியாக்கா?” என்றான். சாப்பிட்டேன் என்றேன். பின்னால் அவன் மனைவி எதற்கோ சிரித்தாள், அவனும் சிரித்துவிட்டு “அப்புறம் பேசறேன்க்கா” என்று வைத்துவிட்டான். சோதனையைப் பற்றிச் சொல்ல வாய்ப்பே வரவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

தம்பியின் அறையைப் பெருக்கினேன். பெருக்க அங்கே என்ன இருக்கிறது! அவன் கட்டிலைக்கூடக் கொண்டுபோய்விட்டான்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவனுக்குப் பத்து வயது, எனக்குப் பத்தொன்பது. முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாகக் கல்யாணம் செய்துகொண்டான். நான்தான் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்தேன். அந்தப் பெண் தங்கமானவள். வேலை வேறு ஊரில் கிடைத்தது, போனார்கள். யார்மேலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது?

மார்ச் 17, ஞாயிறு

இன்று கூடத்துக்குப் போனேன். வாட்ச்மேன், “லீவாச்சேம்மா?” என்றார். ஒரு கணக்கு எழுத மறந்துவிட்டேன் என்று புளுகினேன்.

சம்புக்கு நான் தேவையே இல்லை. குழாய் தானே சொட்டி நிரப்பிவிடுகிறது, அதுபாட்டுக்கு வளர்ந்து நிற்கிறது. பைன்தான் பாவமாக இருந்தது. மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தது. முறைப்படி ஊற்ற இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். ஒரு டம்ளர்தானே. ஊற்றிக்கொண்டே என்னென்னவோ பேசியிருக்கிறேன் – மணி பார்த்தபோது ஒன்றரை.

மார்ச் 26, செவ்வாய்

இப்போது சாயங்காலமும் எல்லோரும் போனபிறகு அரை மணி நேரம் இருந்துவிட்டு வருகிறேன். வெறும் கையோடு நிற்க முடிகிறதா? ஒரு டம்ளர். நோட்டில் எழுதுவதில்லை. நோட்டில் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான்.

ஏப்ரல் 3, புதன்

ஏழு பைன் கன்றுகளில் அடி ஊசி இலைகள் மஞ்சளாகிவிட்டன. வெயில் போதவில்லையோ?

ஏப்ரல் 5, வெள்ளி

பதினொன்று.

ஏப்ரல் 10, புதன்

மேடம் ஒரு கன்றை வேரோடு பிடுங்கினார். வேர் கருத்து, பிசுபிசுத்து, முட்டை அழுகிய நாற்றம். சம்புக்கு இலையிலிருந்து வேர்வரை காற்றுக் குழல் உண்டு. தண்ணீருக்குள் நின்றாலும் மூச்சு விடும். பைனுக்கு அது கிடையாது. மண்ணில் உள்ள இடைவெளியில்தான் அதன் வேருக்குக் காற்று. அதில் தண்ணீர் நின்றால் மூச்சு முட்டிவிடும். இது எனக்குப் புதிதா? இல்லை. பதினெட்டு வருஷமாகத் தெரியும்.

“அளவாத்தானே ஊத்தினீங்க?”

“ஆமா மேடம்.”

அந்த ‘ஆமா’ எவ்வளவு சுலபமாக வந்தது!

“அப்ப மண்ணுதான். களிமண்ணை ஜாஸ்தி போட்டிருக்காங்க, தண்ணி வடியல.”

மண் கலக்கும் கொட்டகையில் இருப்பவரை எல்லோரும் மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, குரல் மட்டும் நாலு ஆள் குரல். மேடம் கூப்பிட்டு விட்டார். மண்ணக்கா தொட்டி மண்ணைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, “மேடம், இது நான் கலந்த மண்ணுதான். இதுல தண்ணி நிக்காது. நின்னா யாரோ நிக்க வச்சிருக்காங்க” என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் பாதை கூட்டும் வேலைக்குப் போக வேண்டுமாம்.

ஏப்ரல் 11, வியாழன்

சொல்லிடு. சொல்லித் தொலையேன்! என்ன ஆயிடும்? வேலை போகும். போனா? இந்த வேலையும் இல்லேன்னா காலைல எந்திரிச்சு எங்க போவேன் நான்?

அந்தம்மா இன்னிக்கு சல்லடைய எல்லாம் கழுவிக் கவுத்து வச்சிட்டிருந்தாங்க. நான் பாத்துட்டு வந்துட்டேன்.

மண்ணு மேல பழி. நல்லா இருக்குடி உன் நியாயம்.

ஏப்ரல் 12, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். “ரெண்டுக்கும் தேவை வேற வேறன்னு பாக்கத்தானே இந்தச் சோதனையே. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் ஏன்?”

பதில் யோசித்து வைத்திருந்தேன், நாலைந்து காரணம். அதையெல்லாம் விட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமை போறதுக்கு இடமில்ல மேடம்” என்றேன். சொன்னபிறகுதான் அது எவ்வளவு அசிங்கமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

வேலை போகவில்லை. கூடத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். புதுக் கன்றுகளை வைத்து முதலிலிருந்து தொடங்குவார்களாம். மழைக்கு முன் முடியாது.

ஏப்ரல் 15, திங்கள்

மண்ணக்கா கொட்டகைக்கே திரும்பிவிட்டார். என்னை அவருக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே போட்டார்களோ? நாள் முழுக்க மணல் சலித்தேன். “இது”, “அது”, “அங்க வை” – மூன்றே பேச்சு.

ஏப்ரல் 19, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வழக்கம்போல் மரத்தடிக்குப் போகப் பார்த்தேன். “எங்க போற? உக்காரு” என்றார். உட்கார்ந்தேன்.

ரொம்ப நேரம் மென்றுவிட்டு, “முப்பது வருஷம் கலந்த கை. ஒரு நாள்ல பொய்யாக்கிட்டியே” என்றார்.

“தப்புதான்க்கா.”

“தப்புதான். அது கெடக்கு. பேச ஆளு வேணும்னா எங்கிட்ட வந்து தொலைய வேண்டியதுதானே? நான் என்ன இங்க ராஜசபையா நடத்துறேன்? வாட்ச்மேன் சொன்னாரு, செடிகிட்ட பேசினாளாம், செடிகிட்ட!”

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. சோறு தொண்டையில் சிக்கி இருமினேன். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். இன்னும் வலிக்கிறது.

மே 5, ஞாயிறு

காலை முதல் இரவு வரை யாரிடமும் பேசவில்லை. மண்ணக்காவுக்கு ஃபோன் செய்யலாமா என்று மூன்று முறை எடுத்து மூன்று முறையும் வைத்துவிட்டேன். கொட்டகையில் பேசுவது வேறு. லீவு நாளில் போய் நின்றால் என்ன நினைப்பார்?

மே 23, வியாழன்

அழுகாமல் தப்பிய கன்றுகளை மேடம் தூக்கிப் போடவில்லையாம். வேரில் தண்ணீர் தேங்கினால் பைன் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அறிக்கையில் சேர்க்கிறாராம். என் பெயர் இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

ஜூன் 11, செவ்வாய்

சல்லடையைத் தூக்கும்போது மண்ணக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பித்தப்பையில் கல்லாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

சேர்க்கும் படிவத்தை என்னிடம்தான் நீட்டினார்கள். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். ‘உடனிருப்பவர், உறவு’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. “கூட வேலை பாக்குறவங்கன்னு எழுதலாமா?” என்று நர்ஸைக் கேட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் அந்த வலியிலும் கத்தினார். “தங்கச்சின்னு எழுதேண்டி! அதுக்கு என்ன யோசனை?”

எழுதினேன்.

ஜூன் 30, ஞாயிறு

பத்தொன்பது நாளாக இதைத் திறக்கவே இல்லை. இப்போதும் நேரமில்லை, தம்பியின் அறையிலிருந்து அக்கா கூப்பிடுகிறார்.