நீ அணைத்த கற்பூரம்

இன்று உன் திதி. உன் மகன் கற்பூரத் தட்டை என் முன்னால் நீட்டினான். அந்த வாசனை பட்டதும் என் கை எழவில்லை. நான் சாமி கும்பிடாதவன் என்பது தெரிந்ததுதானே, அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். காரணம் அதுவல்ல என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

நம் வயல்களுக்கு நடுவே இருந்த வடிகாலை நாம் இருவரும்தான் வெட்டினோம். நான் கயிறு பிடித்து நேர் பார்ப்பேன். "வாத்தியாரே, தண்ணி ஓடறதுக்குக் கோடு வேற போடணுமா?" என்று மண்வெட்டியில் சாய்ந்து கேலி செய்வாய். ஐப்பசி மழையில் என் வயல் நீர் வடிய வேறு வழி கிடையாது. தென்னை வைப்பதற்காக அதை நீ தூர்த்தாய். பஞ்சாயத்தில் கேட்டபோது, "அங்க வடிகாலே இருந்ததில்லீங்க" என்றாய்.

"ஐயனார் முன்னாடி கற்பூரம் அணைச்சுச் சொல்லட்டும். நான் ஏத்துக்கறேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. "சாமி இல்லேங்கறவரு சத்தியம் கேக்கறாரு பாரு!"

எனக்குத்தான் சாமி இல்லை, உனக்கு உண்டே. கோயிலைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றுகிறவன் நீ, எரியும் கற்பூரத்தின் மேல் பொய் சொல்ல மாட்டாய் என்று நம்பினேன். என்னைப் பார்க்காமலே உள்ளங்கையால் அடித்து அணைத்தாய்.

அந்த மழையில் என் சம்பாப் பயிர் மூழ்கி அழுகியது.

நீ படுக்கையில் விழுந்த பிறகு பார்க்க வந்தேன். அந்தச் சத்தியத்தைப் பற்றி நீயேதான் பேச்சை எடுத்தாய். "அதுக்குப் பரிகாரம் பண்ணிட்டேன்யா. காவிரியில முழுகி, ஐயனாருக்கு அபிஷேகம் பண்ணி... சாமி மன்னிச்சுட்டாரு. மனசு லேசாயிடுச்சு."

"சரிப்பா" என்றேன். உன் வாய் அடுத்து என் பெயரைச் சொல்லும் என்று காத்திருந்தேன். நீ தண்ணீர் கேட்டாய். எடுத்துக் கொடுத்தேன்.

நல்லவனாக இருந்தால் போதும், பக்தி தேவையில்லை என்று வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான். எனக்கு ஒரு சிக்கல் வந்ததும் உன் நல்ல மனத்தை விட்டுவிட்டு உன் பக்தியைத்தானே நம்பினேன்? ஐயனாரை இழுக்காமல், "நாம வெட்டினதுதானேப்பா?" என்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாயோ என்னவோ. தெரியவில்லை.

உன் தென்னைகள் காய்க்கின்றன. மழைக்காலத்தில் என் வயல் இன்னும் குளமாகத்தான் கிடக்கிறது. அன்று நீ கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். அந்த மன்னிப்பு இப்போதும் என்னிடமே இருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது?