ஏழாம் பாட்டில், எட்டாம் பாட்டில்

அன்புள்ள அக்கா,

இன்று மதியம் ஆய்வகத்தில் ஒரு மாணவி கறுத்துப்போன பாட்டிலின் மூடியைத் திறந்துவிட்டாள். அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜன்னலைத் திறப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். ஆறு வருடமாகியும் அந்த நாற்றம் என்னை அந்த நாட்களுக்கே கொண்டுபோகிறது.

நாம் இருவரும் இங்கே அறிவியல் ஆசிரியைகளாக இருந்த அந்த வருடம், கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்து வைத்ததெல்லாம் போதும், பிள்ளைகளே ஒரு கேள்வியோடு வரட்டும் என்று சொன்னது நீங்கள். ஒன்பதாம் வகுப்பு நந்தினியும் அவள் தோழிகள் இருவரும் கேட்டது சின்னக் கேள்விதான்: நாம் பள்ளியில் குடிக்கிற தண்ணீர் சுத்தமா? மருந்து தடவிய காகிதம் போட்ட சிறு பாட்டில்களில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தார்கள். சாக்கடைக் கிருமி கலந்திருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். முதல் மூன்றில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். அடுத்த மூன்றில் அலுவலக ஃபில்டர் தண்ணீர். ஏழு, எட்டு, ஒன்பதில் மைதானத்துக் குழாய்த் தண்ணீர். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்தக் குழாயில்தான் பிடித்துக் குடிப்பார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகளும்.

மறுநாள் கடைசி மூன்றும் மை போலக் கறுத்திருந்தன.

தலைமையாசிரியை வந்து பார்த்தார். "பேரன்ட்ஸ் எல்லாம் வர்ற நாள்ல இதையா வைப்பீங்க? தப்பா இருந்தா யாரு பொறுப்பு?" என்று கன்னடத்தில் கேட்டார். நம் இருவருக்கும் மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் கேட்டது. நீங்கள் நிதானமாக, "தப்பா இருக்கலாம் மேடம், அதனாலதான் இன்னொரு தடவை செய்யப் போறோம்" என்றீர்கள்.

இரண்டாம் முறை வைத்த மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்பே நான் ஆய்வகத்துக்குப் போனேன். ஏழும் எட்டும் கறுக்கத் தொடங்கியிருந்தன. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை தானாகப் போயிற்று. மீதமிருந்த புதுப் பாட்டில்கள் இரண்டை எடுத்து, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, எண் எழுதி ஒட்டி, பழையவற்றைக் கைப்பையில் திணித்தேன். ஒன்பதைத் தொடுவதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம். ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் ஒன்பது மட்டும் கறுப்பு. ஒரே குழாய்த் தண்ணீர் எப்படி இரண்டு விதமாக இருக்கும் என்று நந்தினி குழம்பினாள். முதல் முறை நாங்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவளே சொன்னபோது கண் நிறைந்திருந்தது. நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன் அக்கா. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாப்பாட்டு நேரத்தில், நான் மாற்றி வைத்த இரண்டு பாட்டில்களோடு என்னைத் தேடி வந்தீர்கள். "நந்தினி ஏழு போட்டா நடுவால ஒரு கோடு இழுப்பா. இதுல கோடு இல்லை" என்றீர்கள். என் மேசையிலிருந்த மகளின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தீர்கள். இரண்டு நாளாக அவளை அந்தக் குழாய்ப் பக்கம் போகவிடாமல் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உம்பட புள்ளைக்கு மட்டும் காச்சுன தண்ணி. மத்த புள்ளைங்க?"

அழுதுவிட்டேன். வேலை போனால் மகளுக்கு இந்தப் பள்ளியும் போய்விடும் என்று ஏதேதோ உளறினேன். நீங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "எனக்கு மட்டும் பயமில்லைன்னா நெனச்சே? மேடத்துகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் புள்ளைங்ககிட்ட நீதான் சொல்லோணும். இன்னைக்கே சொல்லிப்போடு."

மூன்று சிறுமிகள் முன்னால் நின்று சொன்னேன். நந்தினி நோட்டை எடுத்து, இரண்டாம் சோதனையின் கீழே, 'ஏழு, எட்டு: மிஸ் மாற்றிவிட்டார், கணக்கில் சேர்க்கவில்லை' என்று எழுதிவிட்டு, மூன்றாம் முறைக்குப் பாட்டில்களைக் கழுவப் போனாள்.

மூன்றாம் முறையும் கறுத்தது.

கண்காட்சியன்று நடுவராக வந்தவர் அந்த வரியில் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டார். பெற்றோர்கள் சுற்றி நிற்கிறார்கள். தலைமையாசிரியை இரண்டடி தள்ளி நிற்கிறார். "எங்க மிஸ் பயந்துட்டாங்க சார். அதனால அது ரெண்டையும் விட்டுட்டு இன்னொரு தடவை செஞ்சோம்" என்றாள் நந்தினி. குரலில் கோபமே இல்லை. வெயில் எத்தனை டிகிரி என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பரிசு கிடைக்கவில்லை. திங்கட்கிழமை குழாயை மூடினார்கள். தோண்டிப் பார்த்ததில் கழிப்பறைச் சாக்கடையை ஒட்டிப் போன குழாய் விரிசல் விட்டிருந்தது.

மார்ச்சில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். உங்களுடையதைப் புதுப்பிக்கவில்லை. திட்டத் தாளில் வழிகாட்டி என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்பதால், நந்தினி சொன்ன மிஸ் நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். தப்பு செய்தது நான்தான் என்று அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். நீங்கள் உங்கள் ஊரான ஹனூருக்கே திரும்பிப் போய் டியூஷன் எடுத்தீர்கள். போனில் பேசும்போதெல்லாம் அதைச் சொல்லிவிட நினைத்து, மழை பெய்ததா என்று கேட்டு வைத்துவிடுவேன். போன வருடம் நீங்கள் இறந்த செய்தி வந்து, கொள்ளேகால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, சொல்ல வேண்டியதை இனி யாரிடம் சொல்வது என்றுதான் பயந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்களிடம் சொல்லாததை இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும், அறிவியல் திட்டம் தொடங்கும் நாளில், என் பெயரைச் சொல்லியே சொல்கிறேன்: ஒரு முறை நான் பயந்துபோய்ப் பாட்டிலை மாற்றினேன், அதற்கு வேறொருவர் வேலையை இழந்தார். பழகிப்போகும் என்று நினைத்தேன். பழகவில்லை.

இந்த வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "ஈகலூ பயா இதெயா மிஸ்?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

பயம் இப்போதும் இருக்கிறது என்றேன்.

"அப்போ ஒரு செட் பாட்டிலை உங்க கைக்கு எட்டாம நாங்களே வெச்சுக்கறோம் மிஸ்" என்றாள். சரி என்றேன்.