உன் அறைக்கு ஒரு வாரிசு தேடுகிறார்கள்

என் பிரியமுள்ள மல்லிகா அக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியமும் நேற்றோடு முடிந்தது. அம்பத்தூரில் உன் பெரியப்பா வீட்டுத் தெருமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'எங்கள் குடும்பத்தின் குலவிளக்கு' என்று போட்டிருக்கிறது. நீ தனியாக நிற்கிற போட்டோ அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். பெரிய அண்ணன் மகள் கல்யாண போட்டோவிலிருந்து உன்னை வெட்டி எடுத்திருக்கிறார்கள். உன் கையில் சாம்பார் வாளியின் கைப்பிடி இன்னும் தெரிகிறது.

குலவிளக்கை மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறையில் படுக்கவைத்த குடும்பம் அது. காய்ச்சலில் கிடந்த உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லாமல் எல்லோருக்கும் வேலை இருந்தது. சிரிப்பதா, கல்லை எடுத்து எறிவதா என்று தெரியாமல் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றேன்.

அந்த நாவல் ஞாபகம் இருக்கிறதா அக்கா? தையல் கம்பெனியில் நாம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் இருந்தபோது, பத்திரிகைத் தொடரைக் கிழித்து பைண்டு பண்ணிய அந்தப் பழைய கதையை மாற்றி மாற்றிப் படித்தோமே. பங்களாவில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஏழைப் பெண் எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்கிறாள். கடைசியில் கிழவரின் சொத்தெல்லாம் அவள் பேருக்கு வருகிறது. அந்த இடத்தில் நீ அழுதாய்.

பெரியம்மா விழுந்து படுத்ததும் உன்னை வேலையை விடச் சொன்னார்கள். விடாதே என்று நான் சண்டை போட்டேன். "பெரிப்பா அந்த ரூம என் பேருக்கே எழுதிட்றேன்னு சொல்லிகீறாருடி. சொன்னா செய்வாரு" என்றாய்.

பெரியப்பா போனார், பெரியம்மாவும் போனார். வீடு, கடைகள், பட்டாபிராம் மனை எல்லாம் அவர்களுடைய மகன்கள், உன் அண்ணன்கள் இரண்டு பேருக்கும் பாகமானது. உன் அப்பா தன் பங்கை எப்போதோ விற்றுக் குடித்துவிட்டார் என்றார்கள். நீயும் தலையாட்டினாய். ஏன் அக்கா வாயைத் திறக்கவில்லை?

இப்போது யோசித்தால் அந்தக் கதையை எழுதினவர் மேலேயே ஆத்திரம் வருகிறது. அந்தப் பெண் உழைத்ததற்காகவா சொத்து வந்தது? அவள் கிழவரின் சொந்தப் பேத்தி என்று தெரிந்த பிறகுதானே வந்தது. நாம் அதைக் கவனிக்கவே இல்லை. நீயும்தான் அந்த வீட்டு ரத்தம். உனக்கு வந்தது வாளிதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். செய்யாற்றிலிருந்து உன் தம்பி தன் மகள் தேவியோடு வந்திருந்தான். அவளுக்கு ஆவடியில் காலேஜ் கிடைத்திருக்கிறது. பந்தி முடிந்ததும் பெரிய அண்ணி ஆரம்பித்தாள்.

"ஆஸ்டல்லாம் இன்னாத்துக்கு? மல்லிகா ரூமு சும்மாதான கீது. எங்களுக்கும் பொண்ணு மாதிரி ஒத்தாசையா இருப்பா."

உன் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். நான் திரும்பிப் பார்த்தால் தேவி எச்சில் இலை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பேச்சே இன்னும் முடியவில்லை, அதற்குள் யாரோ கூடையை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கூடையைப் பிடுங்கி அண்ணி காலடியில் வைத்தேன். மாடியில் ரூமெல்லாம் பூட்டிக்கிடக்கிறதே, அதில் ஒன்றைக் கொடுங்கள் என்றேன். பெரிய அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரும்மா இதுல?"

தேவி கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பா எதிரே நின்றாள்.

"நான் இந்த வீட்ல தங்கலப்பா. அத்தைய பாத்தாச்சு, போதும்."

உன் தம்பி முகம் கொடுத்துப் பேசாமல் ஊருக்குப் போய்விட்டான். தேவி இப்போது திருநின்றவூரில் என் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

நானும் மனுஷிதான் அக்கா. நாளைக்குக் கம்பெனியிலிருந்து அலுத்துப்போய் வந்தால், சும்மாதானே இருக்கிறாள் என்று என் பாத்திரத்தையும் அவள் தலையில் கட்டத் தோன்றும். அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவளிடம் மாசாமாசம் வாடகை வாங்குவேன். அவளால் முடிந்த சொற்பம்தான், ஆனாலும் கறாராக வாங்குவேன். இவளை வைத்துச் சோறு போட்டேன் என்று நான்கூட நாளைக்குச் சொல்லிவிடக் கூடாது.

இப்படிக்கு,
அந்த வீட்டாருக்கு யாருமில்லாத
உன் தங்கச்சி,
கலா