பத்துக்கு ஐந்தரை

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், என் வலது முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே? குழந்தைக்கு இருமல் நின்றதா என்று போன வாரம் போனில் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அம்மா போனைப் பிடுங்கி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "அப்பாவும் கேட்டதாச் சொன்னாங்க" என்று வைத்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். முப்பத்தொரு வயதுக்காரியைப் பாப்பா என்று எழுதலாமா என்று சண்டைக்கு வராதே, ஐம்பத்தேழு வயதில் எங்களுக்கு 'மூத்த ஊழியத் தம்பதி' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்களே, அதற்கு இது தேவலை. வெளிநாட்டு ஊழியத்துக்குக் கையைத் தூக்கினோம், பெரிய பெரிய சபைகளை எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வேலைக்கு வந்த நம்மவர்கள் பதினோரு பேர் கூடுகிற இந்தச் சபைக்கு எங்களை அனுப்பினார்கள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வழியனுப்ப உன் பெரியப்பா விமான நிலையத்துக்கு வரவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. இருக்கட்டும்.

சபை கூடுவது ஒரு மெத்தைக் கடையின் மாடியில். ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கே போய் ஜன்னலைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, மடக்கு நாற்காலிகளை விரிக்க வேண்டும். நான் பதினோரு நாற்காலி போடுவேன், அம்மா பின்னாலேயே வந்து இருபதாக்குவாள். "வராதவங்களுக்கு எதுக்கு நாற்காலி?" என்றால், "வந்தா நிக்கவா வைப்பீங்க?" என்பாள். எங்கள் ஊழியத்தில் அன்றன்றைக்கு முதல் ஜெபம் இந்தச் சண்டைதான். பிறகு அவள் மேஜைக்கு வெள்ளைத் துணி விரிப்பாள், நான் திருவிருந்து அப்பத்துக்கு ரொட்டியின் ஓரத்தை நீக்கித் துண்டு போடுவேன். சம்பளத்துக்குப் பிரசங்கம் பண்ண நம் சபையில் ஆள் கிடையாது, வாரம் ஒருவர் எழுந்து பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். இங்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற ஒரு சகோதரி மட்டும் நான்கு வருடமாக நழுவிக்கொண்டே இருந்தார். முறை வருகிற வாரம் பார்த்துப் பல்வலி வந்துவிடும். கணவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். பதினோரு பேரில் நான்கு பேர் அந்த ஒரு வீடு. உன் அம்மா இரண்டு மாதம் விடாமல் பேசிச் சகோதரியைச் சம்மதிக்க வைத்தாள்.

சம்மதித்தவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போன புதன்கிழமை வந்தார். "ஐயா, நீங்க தமிழ் வாத்தியாரு, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்க்கச் சொன்னால் நான் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியாதா? சிவப்புப் பேனாவை எடுத்தேன். தேவையில்லை என்று பட்ட வரிகளை அடித்தேன், ஓரத்தில் மூன்று இடத்தில் 'சொன்னதையே சொல்கிறது' என்று எழுதினேன், கடைசியில் வட்டம் போட்டுப் பத்துக்கு ஐந்தரை என்று மார்க்கும் போட்டுவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போட்டது. அவர் பார்த்தார், தாளை நாலாக மடித்தார், "சரிங்க ஐயா" என்றார், டீயைக் குடிக்காமல் போய்விட்டார். மறுநாள் அம்மாவுக்குச் செய்தி வந்தது. ஞாயிறு பேசவில்லை, இனிமேல் குடும்பத்தோடு சபைக்கே வருவதாக இல்லை, படித்தவர்கள் இருக்கிற இடத்தில் எங்களுக்கு என்ன வேலை என்று. அம்மா வாசித்துக் காட்டிவிட்டு, "அந்த அரை மார்க் எதுக்குங்க? கருணைக்கா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் சனிக்கிழமை வரை அவள் என்னிடம் பேசியது "தள்ளுங்க" என்கிற ஒரே வார்த்தை.

ஞாயிறு காலை நாற்காலிகளை அவளிடம் விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கிரேன்காரர் முகமெல்லாம் சவர நுரையோடு கதவைத் திறந்து, "வாங்க ஐயா, ரிசல்ட்டா?" என்றார். வந்த கோபத்துக்கு அப்படியே இறங்கியிருப்பேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் என்னை விட்டுவிட்டு என் ஜூனியரைத் தலைமையாசிரியர் ஆக்கினார்களே, அப்போது என் கோப்பில் நிர்வாகம் எழுதியது ஒரே வரி. 'கண்டிப்பு உண்டு, கனிவு இல்லை.' எழுதியவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, இனியும் உத்தேசம் இல்லை. ஆனால் அந்த நுரை முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த வரி பொய் என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. உள்ளே சகோதரி பெண்ணின் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, தாளைக் கொடுங்கள், கோடு இல்லாமல் பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன். "கிழிச்சுப் போட்டுட்டேன் ஐயா" என்றார், தலையைத் தூக்காமலே. தாள் போனால் என்ன, நான் படித்திருக்கிறேனே! நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு இருநூறு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு தேய்க்கிறார், எதில் யார் படுப்பார்கள் என்று தெரியாது, அதனால் ஒவ்வொன்றையும் மடிக்கும்போது, இதில் படுப்பவர் எழுந்து வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்லி மடிக்கிறார். ஒருநாள் அவசரத்தில் சொல்லாமல் மடித்துவிட்டு, விரிப்புகளை ஏற்றிய வண்டி கிளம்புவதற்குள் கீழே ஓடி, அந்த ஒன்றைத் தேடிப் பிரித்து மறுபடி மடித்தாராம். நான் தேவையில்லை என்று அடித்தது இந்த இடத்தைத்தான் பாப்பா. நாலு பக்கமும் சொல்லி முடித்தேன். "இவ்ளோ ஞாபகம் இருக்குல்ல, அப்புறம் எதுக்கு ஐயா அஞ்சரை?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டேன். "முப்பது வருஷம் பாடம் எடுத்தேன்மா, எனக்கு இப்படி ஒண்ணு எழுத வரல. அந்த வயித்தெரிச்சல்தான்." அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். "நீங்க இறங்குங்க ஐயா, பிள்ளைங்க இன்னும் தலை வாரல" என்றார் கிரேன்காரர். வருகிறார்களா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பத்து மணிக்கு ஏழு பேரோடு ஆரம்பித்தோம். பாட்டை அம்மா எடுத்தாள், மூன்று சுருதியில். அப்பம் கொடுத்து முடிந்தது, என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் எழுந்திருக்கும்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். நாலு பேரும் வந்தார்கள். சகோதரி உட்காரவேயில்லை, வெறுங்கையோடு நேரே முன்னால் போய் நின்று, "நான் மார்க் கம்மியா வாங்கினவ" என்று ஆரம்பித்தார். ஒரே சிரிப்பு, எல்லோரும் என்னைப் பார்த்துத்தான். அதோடு அவருக்கு நடுக்கம் போய்விட்டது. வண்டிக்கு ஓடிய கதை வந்தபோது கிரேன்காரர் இருந்த இடத்திலிருந்தே, "எங்கிட்டகூட இதைச் சொன்னதில்லையேடி" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். பத்து நிமிடம் இருபத்தைந்து ஆனது, நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கர்த்தர் சாட்சி. முடிந்ததும் சகோதரி அம்மாவிடம், "அடுத்த வாரம் ஐயா பேசட்டும்மா, எழுதி முதல்ல எங்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றாராம். அம்மா உடனே தலைப்பையும் கொடுத்துவிட்டாள், மன்னிப்பு. எழுத உட்கார்ந்தேன், முதல் பக்கம் முழுக்க உன் பெரியப்பாவே வந்து நின்றுவிட்டார்.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது அம்மா ஒன்று சொன்னாள். ஹாஸ்டலுக்குப் போன புதிதில் நீ எனக்கு மூன்று கடிதம் எழுதினாய், மூன்றையும் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினேன், நாலாவது வரவில்லை. போன் வந்துவிட்டது, பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். "போன் எனக்குத்தானேங்க வருது" என்றாள். அப்போதிருந்து யோசிக்கிறேன். சகோதரியின் நாலு பக்கமும் எனக்கு நினைவிருக்கிறது, உன்னுடைய மூன்று கடிதத்தில் ஒரு வரிகூட நினைவில்லை. தப்புகள்தான் கண்ணில் பட்டிருக்கின்றன. மன்னித்துக்கொள் பாப்பா. அவை இன்னும் உன்னிடம் இருந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் புதிதாக எழுது. குழந்தை படுத்துவதை எழுது, ஆபீஸில் யாரோடு சண்டை என்று எழுது, என் மேல் இருக்கிற கோபத்தையும் எழுது. வந்தது வந்தபடி வைத்துக்கொள்வேன்.

மாப்பிள்ளையை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். நின்றுகொண்டு சாப்பிடாதே. உங்கள் மூவரையும் ஆண்டவர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். எங்கள் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. உறையின் மேல் என் பெயரை மட்டும் எழுது, அம்மா பெயரும் இருந்தால் அவளே பிரித்துவிடுவாள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா