முதல் ஓலையில் வந்த பெயர்

இயேசு மரி சூசை துணை

சூசைபுரம், கோவளம் வழி
22-1-1973

மதிப்பிற்குரிய மோசஸ் அவர்களுக்கு,

உபதேசியார் ஏசுபாதம் மகள் ஜெசிந்தா எழுதுவது. பிலாய் இரும்பாலைப் பக்கம் குளிர் கடுமை என்று உங்கள் அம்மா சொன்னார்கள். கொண்டுபோன கம்பளி போதுமா?

நேற்றுப் பூசையில் நடந்ததை மற்றவர்கள் கண்ணும் மூக்கும் வைத்து எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் கோவளத்துக் கொத்தனார் துரை மகள் வசந்தாவுக்கும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் நேற்று முதல் ஓலை அல்லவா? பிரசங்கம் முடிந்து சாமியார் உட்கார்ந்ததும் அப்பா எழுந்தார். "காலஞ்சென்ற சவரிமுத்து, ஞானம்மாள் இவர்களின் குமாரன் மோசசுக்கும்" என்று கணீரென்று ஆரம்பித்தவர், "ஏசுபாதம், காலஞ்சென்ற சாராள் இவர்களின் குமாரத்தி மேரி ஜெசிந்தாவுக்கும்" என்று முடித்துவிட்டார்.

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. நான் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். அப்பாவோ ஒன்றும் நடக்காத மாதிரி, கல்லறைத் தோட்டத்துக்கு வேலி கட்ட ஆள் வேண்டும் என்று அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

ஓலையைக் கேட்பதற்கென்றே துரை வந்திருந்தார். "இன்னா உபதேசியாரே, என் பொண்ணு பேரு எங்க? உன் பொண்ண நடுவுல ஏத்திவுட்டுகினு, நாங்க இன்னா வேடிக்கை பாத்துகினு கீறதா?" என்று கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அதே நேரம் கோவளம் கோயிலில் வசந்தா பெயரைச் சரியாக வாசித்திருக்கிறார்கள். உங்கள் அம்மா எங்கள் வீட்டு வழியே வராமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

வயசானவர், வாய் தவறிவிட்டது. சாமியார் ஓலையை நிறுத்திவைத்திருக்கிறார். அது பிழை என்று நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதினால் போதும், கல்யாணம் நடத்தக் கூடாத தவசு காலம் தொடங்குவதற்கு முன் மீதி ஓலையும் வாசித்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம். தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மே. ஜெசிந்தா


பிலாய்
31-1-1973

கனம் பொருந்திய டீச்சரம்மாவுக்கு,

தாசில்தாருக்கு மனு எழுதுவது மாதிரி எழுதியிருக்கிறாயே, மாங்காய்க்கு எறிந்த கல்லில் என் மண்டையை உடைத்த ஜெசிந்தா நீதானா? உலைக்கு முன்னால் நின்று வெல்டிங் அடிக்கிறவனுக்குக் கம்பளி எதற்கு?

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஊரில் இரண்டு பெண்ணோடு ஓலை வாசிக்கப்பட்டவன் நம் ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நான் சிரித்த சிரிப்பில் கூட இருக்கும் ஒரியாக்காரர் பயந்துபோனார்.

சிரிப்பு அடங்கியதும் யோசித்தேன். உன் அப்பாவா வாய் தவறுகிறவர்? லத்தீன் பூசை போய் இத்தனை வருஷம் ஆகியும் லத்தீனை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறவர். பண்ணையில் கூலிக்கு உழுது வந்த நம் ஆட்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய கோயில் அது. அந்தச் சுவர்களுக்குள் அவர் வாசித்து ஒரு பெயர் மாறி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு முன் மாதா திருநாளில், தேர் கால்வாய்க் கரையில் திரும்பும்போது என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று உன்னிடம் கேட்டேன். "வேற எடம் பாத்துக்கோங்க" என்றாய். ஏன் என்றதற்கு, வெடிச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று போய்விட்டாய். அதனால்தான் அம்மா யாரைச் சொன்னாலும் சரி என்று எழுதினேன். வசந்தா முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

இங்கே வெடி ஒன்றும் இல்லை. நிஜத்தைச் சொல். பிறகு அந்த ஒரு வரியை எழுதுகிறேன்.

மண்டை உடைந்த,
மோசஸ்


சூசைபுரம்
9-2-1973

மோசஸ் அவர்களுக்கு,

அதட்டிக் கேட்பதை நீங்கள் விடவில்லை. சொல்கிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. நாலு வருஷமாகப் புரை வளர்ந்து, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. பூசை முழுக்க மனப்பாடம். அறிவிப்புகளைச் சனிக்கிழமை சாயங்காலம் நான் வாசித்துக் காட்டுவேன், ஒருமுறை கேட்டால் அவருக்குப் போதும். மறுநாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவார். கண் தெரியாத உபதேசியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் நாங்கள் இருக்கிற கோயில் வீடும் போய்விடும். அவரை விட்டுவிட்டு நான் எப்படிப் பிலாய்க்கு வருவேன்? அன்றைக்கு என் காதுக்கு வந்த கோளாறு இதுதான்.

நீங்கள் வராமலே உங்கள் அம்மா கோவளத்தில் நிச்சயம் செய்த வாரம் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை, "மோசசுக்கு ஓலைப்பா" என்றேன். அதற்கு மேல் வாசிக்காமல் தாளை மடித்துவிட்டேன். அப்பா சிரித்தார். "என்னைக் கேக்காம சாமியாருக்கு நேரா எழுதிப் போட்டுட்டானா பையன்? போதும் போ, வெக்கப்படாத. பொண்ணு பேரு எனக்குத் தெரியாதா?" என்றார். நிச்சயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது, என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கோயிலில் என் பெயரைக் கேட்ட பிறகுதான் புரிந்தது, இத்தனை வருஷமும் உங்கள் பெயரோடு அவர் என் பெயரைத்தான் சேர்த்து வைத்திருந்தார் என்று.

நேற்று வசந்தா வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று பயந்தேன். "யக்கா, உங்க நைனா வாய்க்கு சக்கரை போடணும். எனக்கு அந்த பிலாய் ஊரு வாணாம்க்கா. கல்பாக்கத்துல ஒருத்தரு கீறாரு. எங்க நைனாகிட்ட சொல்லிட்டேன், ரெண்டு நாளா வூட்ல ஒரே பேஜாரு" என்று சிரிக்கிறாள்.

எது எப்படிப் போனாலும், அப்பா விஷயம் உங்களோடு இருக்கட்டும்.

ஜெசிந்தா


பிலாய்
19-2-1973

ஜெசிந்தா,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்க மாட்டேன்.

கோபம் கோபமாக வருகிறது. நாலு வருஷம்! உன் அப்பா கண்ணுக்கும் நீயே தீர்ப்புச் சொல்லி, என் கல்யாணத்துக்கும் நீயே தீர்ப்புச் சொல்லி, இரண்டையும் மூடி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தாயா? புரைக்கு ஆப்பரேஷன் இருக்கிறது, பைத்தியமே. எங்கள் ஃபோர்மேன் செய்துகொண்டு இப்போது பேப்பர் படிக்கிறார். போய்ச் சாமியாரிடம் சொல். அவர் என்ன, உங்களைத் தெருவிலா நிறுத்திவிடுவார்?

நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். அந்த ஓலையில் பிழை இல்லை. எனக்கு நீதான் வேண்டும். அன்றைக்கும் நீதான், இன்றைக்கும் நீதான். அம்மாவுக்கும் துரை அவர்களுக்கும் இதையே எழுதி, மன்னிப்பும் கேட்டுவிட்டேன். வசந்தா எனக்கு முந்திக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

உன் அப்பா அந்தக் கோயிலை விட்டு வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் வெல்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மனு போட்டிருக்கிறேன்.

உன்,
மோசஸ்


சூசைபுரம்
15-3-1973

மோசசுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களைப் பிடிக்க முடியாது.

சாமியாரிடம் சொன்னேன். "தெரியுமேம்மா. போன கிறிஸ்துமசுக்குப் பாட்டுத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழகாகப் பாடினாரே" என்றார். அவருக்கு மட்டுமா, ஊருக்கே தெரியுமாம். கோயில் படியில் ஒருத்தரும் செருப்பைக் கழற்றிப் போடாதது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. வேதத்தில் சேராத எதிர்வீட்டு வேண்டா அக்காகூட, அவர் வருகிற நேரம் பார்த்து ஆட்டைப் பிடித்துக் கட்டியிருக்கிறாள். மனுஷர் மனம் நோகக் கூடாது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் ஊரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருந்தோம். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆப்பரேஷனுக்கு அப்பா சரி என்றுவிட்டார், ஆனால் பாஸ்காத் திருநாளுக்குப் பிறகுதானாம். "பெரிய வெள்ளிக்கு வியாகுலப் பிரசங்கம் யாரு சொல்றது?" என்கிறார்.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. தேரன்றைக்கு நீங்கள் கேட்டதை உங்கள் அம்மா என் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். "என்னாலதான் வாணாம்னியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. "நான் வாசிச்சிட்டேன்னு எனக்காக ஓலை ஒண்ணும் வாசிக்க வாணாம்" என்கிறார். கல்யாணம் என்று பேச்செடுத்தாலே எழுந்து கோயிலுக்குப் போய்விடுகிறார். அவர் வாயால் சரி என்று சொல்லாமல், அவரைத் தாண்டி நான் உங்கள் பக்கத்தில் வந்து நிற்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜெசிந்தா


சூசைபுரம்
11-6-1973

அன்புள்ள மோசஸ்,

கல்பாக்கத்து வேலை உத்தரவு வந்துவிட்டது என்ற கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. உங்கள் அம்மா அதை எடுத்துக்கொண்டு துரை வீடுவரை போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். அவர் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாராம். வசந்தாவுக்கும் ஆவணியில் கல்யாணம்.

ஆப்பரேஷன் முடிந்த அப்பாவுக்குப் போன வாரம் பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரியில் கண்ணாடி கொடுத்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி. போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். "இன்னாடி, அப்பிடியே உங்கம்மாவா ஆயிட்டுகீறே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு சாயங்காலமே சாமியாரிடம் போய், ஓலைத் தாளை அவரே கேட்டு வாங்கி வந்தார். வழக்கம்போல வாசித்துக் காட்ட உட்கார்ந்தேன். "எழுந்து போ, எனக்குக் கண்ணு கீது" என்றார்.

நேற்று பெந்தெகொஸ்தே திருநாள். கோயிலில் நிற்க இடமில்லை. மனப்பாடமாகச் சொன்ன காலத்தில் மடமடவென்று ஓடும் அவருடைய வாசிப்பு, இப்போது கண்ணால் படிப்பதால் ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று வந்தது. உங்கள் பெயரை வாசித்தார். என் பெயரை வாசித்தார். "இவர்களுடைய விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரியப்படுத்தக் கடவார்கள்" என்றும் வாசித்தார். அதைச் சொன்ன கையோடு தாளை மடிப்பவர், நேற்று மடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"தட ஒண்ணு இருந்திச்சி. மூணு வருசமா இருந்திச்சி. அது நான்தான், எனக்கே தெரியாது. இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சாமியார் எழுந்திருக்க நேரமாயிற்று. உங்கள் அம்மா எல்லார் எதிரிலும் பெண்கள் பக்கத்தைக் கடந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பூசை முடியும்வரை விடவில்லை.

இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது. கணக்குத் தீர்க்கிறேன், கடைசிச் சம்பளம் வாங்குகிறேன் என்று நிற்காமல் சீக்கிரம் வந்து சேருங்கள்.

உங்கள்,
ஜெசிந்தா